பதின்மூன்றாம் மாடி மின்தூக்கியும் ஒரு மாணவனின் தலைமுடியும்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கருத்துணர்தல் பயிற்சிகளையும் கட்டுரை எழுதும் முறைகளையும் தமிழ்ப்பள்ளி வரலாற்றையும் பற்றியே எழுதி வருகின்றேன். இன்று அதிலிருந்து சற்றே விலகி, 1960களில் அமெரிக்காவில் இயங்கிய ஓர் இசைக்குழுவைப் பற்றி எழுதப் போகின்றேன். ‘தமிழாசிரியருக்கு ராக் இசையோடு என்ன உறவு?’ என்று நீங்கள் கேட்கலாம். கட்டுரையின் இறுதிவரை பொறுமையோடு வாருங்கள். விடை அங்கே இருக்கின்றது.

கடந்த தீபாவளி விடுமுறையில் என் அக்காள் மகன் எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தான். கோலாலம்பூரில் கல்லூரியில் பயில்கின்றவன். நாள் முழுவதும் காதில் ஹெட்போனை மாட்டியவாறே இருந்தான். “என்னப்பா கேட்கிற?” என்று வினவினேன். “மாமா, உங்களுக்குப் பிடிக்காது. பழைய ராக். ஒருத்தர் பானைக்குள்ள கத்துவாரு” என்றான். பானை என்றதும் எனக்குக் கடம் நினைவுக்கு வந்துவிட்டது. வாங்கிக் கேட்டேன். கடம் அன்று, வேறு ஏதோ ஒன்று. கொதிக்கும் நீரின் ஒலியா, புறாவின் குரலா என்று பிரித்தறிய இயலாத ஓர் ஓசை பாடல் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஓர் இளைஞனின் குரல் நெஞ்சைக் கிழிப்பதுபோல் எழுந்தது. அன்றிரவே அக்குழுவின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

பெயரும் பிறப்பும்

குழுவின் பெயர் ‘தி தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’. அதாவது, பதின்மூன்றாம் மாடி மின்தூக்கிகள். நம் நாட்டு அடுக்கு மாடிகளில் நான்காம் மாடியை ‘மூன்று ஏ’ என்று குறிப்பதைக் கண்டிருப்பீர்கள். அதுபோல் அமெரிக்காவின் பல கட்டடங்களில் பன்னிரண்டுக்கு அடுத்துப் பதினான்குதான் வரும். பதின்மூன்று தீய எண் என்பது அவர்களின் நம்பிக்கை. இல்லாத மாடிக்கு ஏற்றிச் செல்லும் மின்தூக்கி என்பதே அப்பெயரின் பொருள். ஆங்கில நெடுங்கணக்கில் பதின்மூன்றாவது எழுத்து கஞ்சாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகவும் இருப்பது அப்பெயருக்கு மற்றொரு குறிப்பையும் சேர்த்தது.

குழு 1965ஆம் ஆண்டின் இறுதியில் டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் உருவானது. அக்காலச் சூழலைச் சற்றே நினைவுகூர்வோம். 1964 பிப்ரவரி 9ஆம் நாள் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சலிவன் நிகழ்ச்சியில் தோன்றியது. அதன்பின் அமெரிக்க ஊர்கள்தோறும் இளைஞர்கள் கித்தாரும் டிரம்சும் வாங்கி, வீட்டின் கார்க் கொட்டகைகளில் பயிற்சி செய்யத் தொடங்கினர். கொட்டகையில் பிறந்த அந்த முரட்டு இசைக்குத்தான் பிற்காலத்தில் ‘கராஜ் ராக்’ என்னும் பெயர் அமைந்தது.

இதே அலை நம் கரையையும் தொட்டது என்பதை மறந்துவிட வேண்டா. 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து சென்றபின், இங்கும் மலாய் இளைஞர்கள் கித்தார்க் குழுக்களை அமைத்தனர். ‘கும்புலான் கித்தார் ரன்சாக்’ என்பதன் சுருக்கமாகிய ‘கூகிரான்’ என்னும் சொல் மலாய் மொழியில் நிலைத்தது. அவர்கள் பாடிய ‘பாப் ஏ ஏ’ பாடல்களை நம் பெற்றோர் தலைமுறையினர் இன்றும் முணுமுணுப்பர். ஆகவே ஆஸ்டினில் நடந்தது நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

குழுவின் பாடகர் ராக்கி எரிக்சன். 1947 ஜூலை 15இல் பிறந்தவர். ரோஜர் கைனார்ட் என்னும் இயற்பெயரின் முதல் ஒலிகளைச் சேர்த்து ‘ராக்கி’ ஆனார். ஐந்து உடன்பிறப்புகளில் மூத்தவர். ஐந்து வயதில் பியானோவும் பத்து வயதில் கித்தாரும் கற்றுக்கொண்டவர். கித்தார்க் கலைஞர் ஸ்டேசி சதர்லண்ட். டிரம்ஸ் வாசித்தவர் ஜான் ஐக் வால்டன். இவர்களை ஒன்றிணைத்தவர் டாமி ஹால். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவர் ராக்கியைவிட ஏறத்தாழ ஐந்து வயது மூத்தவர். பாடல்களுக்குச் சொல்லும் பொருளும் தந்தவர் பெரும்பாலும் இவரே.

அந்தப் பானை ஓசையும் இவருடையதே. அமெரிக்கத் தென்மாநிலங்களில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கறுப்பினக் கலைஞர்கள் மண்சாடிகளின் வாயில் ஊதித் தாழ்சுரம் எழுப்பும் ‘ஜக் பேண்ட்’ மரபை வளர்த்தனர். விலையுயர்ந்த கருவிகளை வாங்க வழியில்லாதவர்களின் கண்டுபிடிப்பு அது. டாமி ஹால் அச்சாடியை எடுத்து, அதன் வாயருகே ஒலிவாங்கியைப் பிடித்து, ஊதுவதற்கு மாறாகத் தன் குரலையே விரைவான அசைகளாக அதனுள் எழுப்பினார். சாடி எதிரொலிக் கூடமாக மாறியது. அதனை ‘மின்சாடி’ என்றே அழைத்தனர்.

முதல் தொகுப்பு: 1966

‘யூ ஆர் கோனா மிஸ் மீ’ என்னும் பாடலை ராக்கி முன்னரே எழுதி, ‘ஸ்பேட்ஸ்’ என்னும் தன் பழைய குழுவோடு பதிவு செய்திருந்தார். புதிய குழுவோடு அதனை மீண்டும் பாடி, 1966இல் வெளியிட்டார். அது அமெரிக்கத் தேசிய நூறு பாடல் பட்டியலில் 55ஆம் இடம்வரை ஏறியது. அக்குழு கண்ட மிகப்பெரிய வணிக வெற்றி அவ்வளவே.

அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் ஹியூஸ்டனைச் சேர்ந்த ‘இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ நிறுவனம் அவர்களின் முதல் தொகுப்பை வெளியிட்டது. ‘தி சைக்கெடெலிக் சவுண்ட்ஸ் ஆஃப் தி தர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்’ என்பது அதன் தலைப்பு. பதினொரு பாடல்கள். ‘சைக்கெடெலிக்’ என்பது 1950களில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய சொல். ‘மனத்தை வெளிப்படுத்துவது’ என்பது அதன் பொருள். அச்சொல்லைத் தலைப்பில் தாங்கி வந்த முதல் ராக் தொகுப்புகளுள் இதுவும் ஒன்று.

நான் இத்தொகுப்பை மும்முறை கேட்டேன். முதன்முறை இரைச்சலாகவே இருந்தது. இரண்டாம் முறை, இரைச்சலுக்கு நடுவே ‘ஸ்பிளாஷ் 1’ என்னும் மெல்லிய பாடல் தனித்து நின்றது. டாமி ஹாலின் மனைவி கிளெமென்டைன் ஹால் ராக்கியோடு சேர்ந்து எழுதியது அது. மூன்றாம் முறை கேட்டபொழுது, ‘ரோலர் கோஸ்டர்’ பாடலில் சதர்லண்டின் கித்தார் எத்துணை அடக்கமாக நடக்கின்றது என்பது புலப்பட்டது. வேகம் கூடியும் குறைந்தும் செல்லும் அப்பாட்டில் சாடியின் ஓசை மட்டும் நிற்பதே இல்லை.

ஆயினும் என்னை வெகுவாக நிறுத்தி வைத்தது இசையன்று. உறையின் பின்புறத்தில் டாமி ஹால் எழுதிய குறிப்பு. அரிஸ்டாட்டில் காலம் முதற்கொண்டு மனிதன் தன் அறிவைத் தொடர்பற்ற தனித்தனிப் பிரிவுகளாக அடுக்கி வைத்துவிட்டான். அப்பிரிவுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் புதிய சிந்தனை வேண்டும் என்பது அக்குறிப்பின் சாரம். கால அட்டவணையில் முப்பது நிமிடம் மொழி, முப்பது நிமிடம் கணிதம், முப்பது நிமிடம் அறிவியல் என்று கூறுபோட்டுக் கற்பிக்கும் ஒவ்வோர் ஆசிரியரும் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டிய கேள்வி அது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் போதித்த ‘ஒருங்கிணைந்த கற்றல்’ என்பதும் அதே கேள்விக்கான விடையே அன்றோ!

ஆனால் டாமி ஹால் கண்ட விடை வேறு. வேதிப்பொருளின் வழியாக மனத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார். எல்எஸ்டி என்னும் போதைப்பொருளை உட்கொண்டே மேடையேற வேண்டும் என்று குழுவினரைத் தூண்டினார். கேள்வி அறிவுடையது, விடை அழிவுடையது. இவ்வேறுபாட்டை நம் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. ‘அவர்கள் எல்லாரும் முட்டாள்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், பிள்ளைகள் நம்பமாட்டார்கள். ஏனெனில் இசை நன்றாக இருப்பது அவர்கள் காதுக்குத் தெரிகின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிரம்ஸ் வாசித்த வால்டன் எல்எஸ்டியைத் தொடர மறுத்துவிட்டார். முதல் தொகுப்பில் ஒலிக்கும் உறுதியான தாளம் அவருடையது. ‘அந்தப் பொருள் இல்லாவிட்டால் அந்த இசை பிறந்திராது’ என்று வாதிடுவோருக்கு அவர் கைகளே மறுமொழி.

இரண்டாம் தொகுப்பு: 1967

1966இன் பிற்பகுதியில் குழு சான் ஃபிரான்சிஸ்கோ சென்று, அவலான், ஃபில்மோர் ஆகிய புகழ்பெற்ற அரங்குகளில் பாடித் திரும்பியது. 1967இல் குழுவுக்குள் பிளவு. வால்டனும் பேஸ் கித்தார்க் கலைஞர் ரானி லெதர்மனும் விலகினர். டேனி தாமஸ், டேன் கலிண்டோ ஆகியோர் இணைந்தனர். அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் ‘ஈஸ்டர் எவ்ரிவேர்’ வெளிவந்தது.

இதில் பத்துப் பாடல்கள் உள்ளன. ஆனால் இது வேறு உலகம். முதல் தொகுப்பு ஓடியது; இது அமர்ந்து சிந்திக்கின்றது. ஈஸ்டர் என்பது உயிர்த்தெழுந்த நாள். உயிர்த்தெழுதல் எங்கும் எப்பொழுதும் நிகழ்கின்றது என்னும் கருத்தைத் தலைப்பே சுமந்து நிற்கின்றது. முதற்பாடல் ‘ஸ்லிப் இன்சைட் திஸ் ஹவுஸ்’ எட்டு நிமிடம் நீள்கின்றது. மூன்று நிமிடப் பாடல்களே வானொலியில் ஒலித்த காலம் அது! கிறித்துவக் கருத்துகளோடு கீழைநாட்டுச் சமயக் கருத்துகளையும் பிணைத்து எழுதப்பட்ட அப்பாடலை ராக்கி ஒரே சீரான குரலில், மந்திரம் ஓதுவதுபோல் பாடிச் செல்கின்றார். பாப் டிலனின் ‘பேபி ப்ளூ’ பாடலையும் இத்தொகுப்பில் பாடியுள்ளார். முதல் தொகுப்பில் கிழிந்த குரலா இது என்று வியக்கும்படி, அத்துணைக் கனிவு. இருபது வயது இளைஞன் அவர் அப்பொழுது.

இத்தொகுப்பு விற்பனையில் எழவில்லை. 1968இல் நிறுவனம் ‘லைவ்’ என்னும் பெயரில் ஒன்றை வெளியிட்டது. நேரடி நிகழ்ச்சி என்று தலைப்பு. உண்மையில் பழைய பதிவுகளின்மேல் கைதட்டல் ஒலியை ஒட்டியிருந்தனர். 1969இல் ‘புல் ஆஃப் தி வுட்ஸ்’ வந்தது. அதன் பெரும்பகுதி சதர்லண்டின் உழைப்பு. ராக்கியின் குரல் சில பாடல்களில் மட்டுமே ஒலிக்கின்றது. ஏன்?

குரல் எங்கே போயிற்று?

1968இல் சான் அன்டோனியோ நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் பாடிக்கொண்டிருந்தபொழுது ராக்கி பொருளற்ற சொற்களைப் பேசத் தொடங்கினார். மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் கண்டனர். மின்னதிர்ச்சிச் சிகிச்சை தரப்பட்டது. 1969இல் ஆஸ்டினில் ஒரே ஒரு கஞ்சாச் சுருட்டுடன் பிடிபட்டார். டெக்சஸ் சட்டப்படி பத்தாண்டுச் சிறைவரை கிடைக்கக்கூடிய குற்றம். சிறையிலிருந்து தப்பிக்க, ‘மனநலமற்றவர்’ என்று வழக்காடினர். முதலில் ஆஸ்டின் அரசு மருத்துவமனை. அங்கிருந்து தப்பியோடியதால், மனநலம் குன்றிய குற்றவாளிகளை அடைத்து வைக்கும் ரஸ்க் அரசு மருத்துவமனை. 1972இல்தான் வெளியே வந்தார். உள்ளே இருந்தபொழுதும் கவிதை எழுதினார். உடனிருந்தவர்களைக் கூட்டி ஓர் இசைக்குழுவும் அமைத்தார்.

வெளியே வந்தபின்னும் நோய் அவரை விடவில்லை. 2001இல் அவர் தம்பி சம்னர் சட்டப்படி காப்பாளர் பொறுப்பை ஏற்று, முறையான மருத்துவம் கிடைக்கச் செய்தபிறகுதான் மீண்டும் மேடையேறத் தேறினார். 2015இல் ஆஸ்டினில் நடந்த ‘லெவிட்டேஷன்’ இசைவிழாவில் பழைய நண்பர்களோடு பாடினார். அவ்விழாவின் பெயரே இரண்டாம் தொகுப்பிலுள்ள ஒரு பாடலின் பெயர்தான். 2019 மே 31இல் தம் 71ஆம் வயதில் மறைந்தார். சதர்லண்டுக்கு அந்த நல்வாய்ப்பும் இல்லை; 1978இலேயே வீட்டில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்துவிட்டார்.

அவர்களின் இசை மட்டும் பிழைத்தது. 1972இல் லெனி கே என்பவர் மறக்கப்பட்ட கராஜ் பாடல்களைத் திரட்டி ‘நக்கெட்ஸ்’ என்னும் இரட்டை இசைத்தட்டை வெளியிட்டார். அதில் ‘யூ ஆர் கோனா மிஸ் மீ’ இடம்பெற்றது. அதன்வழியே அடுத்தடுத்த தலைமுறை அவர்களைக் கண்டடைந்தது. என் அக்காள் மகன் வரைக்கும்.

என்னைத் தூங்கவிடாத ஒரு செய்தி

இவை எல்லாவற்றையும் படித்து முடித்தபின், தொடக்கத்தில் ஒரே வரியில் கடந்து சென்ற ஒரு செய்திக்குத் திரும்பினேன். 1965இல் ராக்கி எரிக்சன், உயர்நிலைப்பள்ளியை முடிக்க ஏறத்தாழ ஒரு மாதமே இருந்த நிலையில், பள்ளியை விட்டு நீங்கினார். காரணம்? தலைமுடியை வெட்டினால்தான் பள்ளிக்கு வரலாம் என்பது பள்ளியின் விதி. அவர் வெட்ட மறுத்தார்.

முடி குறித்த அச்சம் டெக்சஸ் மாநிலத்திற்கு மட்டும் உரியதன்று. 1970களில் சிங்கப்பூரில் நீண்ட முடி வைத்த ஆடவர்களை அரசு அலுவலகங்களில் இறுதியாகவே கவனிப்போம் என்று சுவரொட்டி ஒட்டினர். 1972இல் லெட் செப்பலின் குழு முடியின் காரணமாக அங்கே பாட இயலாமல் திரும்பியது. நம் பள்ளிகளில் இன்றும் முடிக்கு விதி உண்டு. விதி தேவை என்றே நானும் நம்புகின்றேன்.

ஆனால், 2007ஆம் ஆண்டு சனவரியில் நடந்ததை இதுவரை இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை. அப்பொழுது நான் கட்டொழுங்கு ஆசிரியர். பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் காதை மறைக்கும் முடியோடு வந்தான். இனிய குரலுடையவன், பள்ளி நிகழ்ச்சிகளில் தமிழ் வாழ்த்துப் பாடுகின்றவன். இருமுறை எச்சரித்தேன். மூன்றாம் முறை, திங்கட்கிழமைச் சபைகூடலில், எல்லா மாணவரின் முன்னிலையிலும் கத்தரிக்கோலால் ஒரு பக்கத்து முடியை வெட்டிவிட்டேன். சிலர் சிரித்தனர். அவன் அழவில்லை.

மறுநாள் அவனுடைய பாட்டி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டவில்லை. “சார், அது பத்துமலைக்கு நேந்துவிட்ட முடி. அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியல. தைப்பூசத்துக்கு மொட்டை போடத்தான் வளர்த்தான். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பான் சார்” என்றார். அவ்வளவுதான். கைகூப்பிவிட்டுச் சென்றுவிட்டார்.

தைப்பூசத்திற்கு மூன்று வாரங்கூட இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேனா? பாட்டியிடம் ஏதோ முணுமுணுத்தேன். அவனிடம் கேட்கவில்லை. ஆசிரியர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்னும் தயக்கம். அதன்பின் ஈராண்டுகள் அப்பள்ளியில் பயின்றான். ஒருமுறையும் மேடையேறிப் பாடவில்லை. ‘தொண்டை சரியில்லை சார்’ என்பான். ஆறாம் ஆண்டு முடித்துச் சென்றுவிட்டான்.

முடியை வெட்டச் சொன்னதால்தான் ராக்கி எரிக்சன் சீரழிந்தார் என்று நான் கூற வரவில்லை. நோய் வேறு; போதைப்பொருளின் கேடு வேறு; கடுஞ்சட்டம் வேறு. ஆனால் அவர் வாழ்க்கையை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகின்றது. பள்ளிக்கூடம் அவர் முடியை அளந்தது. இசை நிறுவனம் அவர் குரலை விற்றது. நீதிமன்றம் அவர் கையிலிருந்த சுருட்டை எண்ணியது. ‘உனக்கு என்ன ஆயிற்று?’ என்று உட்கார்ந்து கேட்டவர்கள் மிகச் சிலரே. அந்தப் பதினேழு வயதுப் பையனிடம் காது கொடுத்துப் பேசியவராகக் கிடைத்தவர் ஐந்து வயது மூத்த டாமி ஹால்; அவர் கையிலோ எல்எஸ்டி இருந்தது. நாம் கேட்காத இடத்தில் வேறு ஒருவர் வந்து கேட்பார் என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் மறத்தல் கூடாது.

ஆதலால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

1. உங்கள் பிள்ளை கேட்கும் இசையை ஒருமுறையேனும் அவனோடு அமர்ந்து கேளுங்கள். பிடிக்க வேண்டும் என்பதில்லை. அவனுக்கு அதில் எது பிடித்திருக்கின்றது என்று வினவுங்கள்.

2. போதைப்பொருளைப் பற்றிப் பேசும்பொழுது அச்சுறுத்தலோடு நிறுத்திவிடாதீர்கள். ராக்கியின் கதையையும் வால்டனின் மறுப்பையும் சேர்த்தே சொல்லுங்கள்.

3. விதியைச் செயற்படுத்தும் முன், ‘ஏன்?’ என்று ஒரு சொல் கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். சபையில் வேண்டா.

என் அக்காள் மகன் விடுமுறை முடிந்து புறப்படும்பொழுது, “மாமா, ரெண்டாவது ஆல்பம்தான் நல்லா இருக்கு, இல்ல?” என்றான். ஆம் என்றேன். அவன் சென்றபின் பழைய வகுப்புப் படங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்த மாணவனுக்கு இப்பொழுது இருபத்தொன்பது அல்லது முப்பது வயது இருக்கும். அவனுடைய அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பதைக்கூட நான் கேட்டறியவில்லை. பழைய மாணவர்கள் சிலரிடம் அவன் தொடர்பு எண்ணைக் கேட்டிருக்கின்றேன். கிடைத்தால், பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் தாமதமான ஒரு சொல்லை அவனிடம் சொல்ல வேண்டும்.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்